40 டிகிரி ஊரில் கிராபிக்ஸ் கார்டு

ஏப்ரல் பிறந்துவிட்டால் கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். "கேம் விளையாடும்போது கார்டு 88 டிகிரி காட்டுது, இன்னும் ரெண்டு ஃபேன் போட்டா சரியாயிடுமா?" கேட்கிறவர் பதிலையும் கையோடு கொண்டுவந்திருப்பார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை விசாரித்து வைத்த கலர் விளக்கு ஃபேன் மூன்று, அல்லது ஒரு தண்ணீர்க் கூலர். இந்த வரிசையே தலைகீழ் என்பதுதான் இத்தனை வருட வேலையில் எனக்கு உறுதிப்பட்ட ஒரே விஷயம். சூட்டை வெளியே தள்ளக் காசு செலவழிக்கும் முன், கார்டு அவ்வளவு சூட்டை எதற்காக உண்டாக்குகிறது என்று பார்க்க வேண்டும். அதைக் குறைத்த பிறகு காற்றுக்கு வழி. அப்புறம் தூசியும் சூடு கடத்தும் பேஸ்ட்டும். புதிய ஃபேன், தண்ணீர்க் கூலர் எல்லாம் பட்டியலின் கடைசி. 20 டிகிரி அறையில் உட்கார்ந்து ஒருவர் சொன்ன யோசனையை 36 டிகிரி அறையில் அப்படியே செய்து பார்ப்பதால்தான் நமக்கு வரிசை குழம்புகிறது.

முதலில் சூட்டின் அளவைப் பார்ப்போம். வீட்டு அயர்ன் பாக்ஸ் 1000 வாட். அதன் அடித்தட்டு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான் வருகிறது, அதற்கே சட்டை கருகுகிறது. ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 450 வாட் வரை இழுக்கும். அதில் பெரும்பங்கை எரிக்கும் சிப்பின் பரப்பு 608 சதுர மில்லிமீட்டர், அதாவது 6 சதுர சென்டிமீட்டர், நம் தபால் தலை அளவு. சிப்புக்கு 300 வாட் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் சதுர சென்டிமீட்டருக்கு 50 வாட். அயர்ன் பாக்ஸைப்போல் பத்து மடங்கு. இந்தச் சூடு சிப்பிலிருந்து பேஸ்ட், பேஸ்ட்டிலிருந்து செம்புத் தட்டு, தட்டிலிருந்து ஹீட் பைப், அங்கிருந்து அலுமினியத் தகடு, தகட்டிலிருந்து காற்று என்று கைமாறிக் கைமாறிப் போகிறது. ஹீட் பைப் என்பது கெட்டியான செம்புக் கம்பி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது உள்ளே காலியான குழாய். காற்றை உறிஞ்சிவிட்டுத் துளித் தண்ணீர் விட்டு அடைத்திருப்பார்கள். சூடான முனையில் தண்ணீர் ஆவியாகும், குளிர்ந்த முனையில் மறுபடி தண்ணீராகித் திரும்பும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி அறையில் இருக்கும் காற்று. அந்தக் காற்றை விடக் கார்டு குளிர்ந்து இருக்கவே முடியாது. எத்தனை ஃபேன் போட்டாலும் இது மாறாது.

இப்போது கணக்கு. ஒரு ஆர்டிஎக்ஸ் 3080 கார்டை எடுத்துக்கொள்வோம். அதன் அளவு 320 வாட். தட்டு, பைப், தகடு எல்லாம் சேர்ந்த அதன் ஹீட் சிங்க், 320 வாட் ஓடும்போது சிப்பைத் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட 45 டிகிரி மேலே வைத்திருக்கிறது என்றும், கேபினட்டுக்குள் இருக்கும் காற்று அறைக் காற்றைவிட 8 டிகிரி அதிகம் என்றும் வைத்துக்கொள்வோம். ஓரளவு நல்ல கேபினட்டில் இது இயல்பான நிலை. ஏசி போட்ட 22 டிகிரி அறையில் சிப் 22, 8, 45 எல்லாம் சேர்ந்து 75. அதே கார்டு, அதே ஃபேன் வேகம், மொட்டைமாடிக்குக் கீழே வெயில் இறங்கிய 36 டிகிரி அறையில் 89. ஹீட் சிங்க் கெட்டுப்போகவில்லை, ஃபேன் நிற்கவில்லை. ஊர்தான் மாறியிருக்கிறது. இந்த 89-ஐ ஃபேனால் குறைக்கப் பார்த்தால் வேகத்தைக் கூட்ட வேண்டும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றும் இரண்டு மடங்குதான், ஆனால் ஃபேன் தின்னும் மின்சாரம் எட்டு மடங்கு, இரைச்சலோ சுமார் 15 டெசிபல் கூடிவிடும். மாறாக, கார்டு இழுக்கும் 320 வாட்டை 245-க்குக் கொண்டுவந்தால் அந்த 45, ஏறத்தாழ 34 ஆகிறது. கேபினட்டின் 8, 6 ஆகிறது. 36, 6, 34. மொத்தம் 76. ஏசி அறையில் முழு வாட்டில் ஓடும் கார்டின் சூடும், வெயில் அறையில் வாட் குறைத்து ஓடும் கார்டின் சூடும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. செலவு ஒரு பைசா இல்லை.

320-ஐ 245 ஆக்குவது எப்படி என்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் சொல்லப்படாத, அதிகம் பலன் தரும் விஷயம். சிப் எரிக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடு நேராகவும், வோல்ட்டேஜோடு வர்க்கமாகவும் ஏறும். கம்பெனியில் ஒவ்வொரு சிப்பையும் தனித்தனியாக உட்கார்ந்து சீர்செய்ய முடியாது. ஆயிரம் சிப்பில் மிக மட்டமான சிப்பும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் தாராளமாக வோல்ட்டேஜ் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். 1.05 வோல்ட்டில் வருகிற கார்டு, கிட்டத்தட்ட அதே வேகத்தை 0.9 வோல்ட்டிலும் ஓடிக் காட்டும். 0.9-ஐ 1.05-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.735; சிப்பின் பங்கில் கால்வாசிக்கு மேல் குறைகிறது. மெமரியும் மற்ற பாகங்களும் குறையாததால் கார்டு மொத்தத்தில் அவ்வளவு வராது, 240, 250 வாட்டில் வந்து நிற்கும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கண்ட்ரோலோடு எஃப் அழுத்தினால் புள்ளிகள் கோர்த்த ஒரு வளைவு திறக்கும். கீழே வோல்ட்டேஜ், பக்கத்தில் வேகம். 900 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து 1800 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டு, அதற்கு வலப்பக்கம் உள்ள எல்லாவற்றையும் அதே மட்டத்தில் படுக்கவைத்துவிட வேண்டும். 3080-க்கு இது பழகிய எண். வேறு கார்டுக்கு வேறு எண். பிறகு கனமான கேம் ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கேம் மூடிக்கொண்டு வெளியே வந்தாலோ, திரையில் புள்ளி புள்ளியாகத் தெறித்தாலோ, வேகத்தை 15, 30 மெகாஹெர்ட்ஸ் இறக்குங்கள். வோல்ட்டேஜைக் குறைப்பதால் சிப் சேதமாவதில்லை. மிஞ்சிப் போனால் கேம் நின்றுபோகும், அவ்வளவுதான். வளைவைத் தொடப் பயமாக இருந்தால் அதே மென்பொருளில் பவர் லிமிட் என்று ஒரு பட்டை இருக்கும். அதை 75, 80 சதவீதத்துக்கு இழுத்துவிட்டாலும் பாதிப் பலன் கிடைத்துவிடும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானதே: முழு வேகத்துக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு ஏன் குறைத்து ஓட்ட வேண்டும்? கேட்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேகத்தின் கடைசிச் சில சதவீதம்தான் மின்சாரத்தின் பெரும் பங்கைத் தின்கிறது. 450 வாட் 4090-ஐ 70 சதவீதத்துக்கு, அதாவது 315 வாட்டுக்கு இறக்கினால் பெரும்பாலான கேம்களில் இழப்பது 5 சதவீதத்தை ஒட்டித்தான். 100 ஃபிரேம் 95 ஆவதைக் கண்ணால் சொல்ல முடிகிறவர் யாருமில்லை. 135 வாட் குறைவதை அறையில் உட்கார்ந்திருக்கிற எல்லோருமே உடம்பால் சொல்வார்கள். இன்னொன்று, வாங்கிய வேகத்தை முழுதாக அனுபவிக்கிறோமா என்பதே சந்தேகம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு கார்டை 200 ஃபிரேம் வரையச் சொல்கிறவர்கள் ஏராளம். மானிட்டர் காட்டாத படத்துக்காக அறை சூடாகிறது. டிரைவர் செட்டிங்கில் ஃபிரேம் அளவுக்கு ஒரு வரம்பு வைத்துவிட்டால் பல கேம்களில் கார்டு பாதி மின்சாரத்தில் ஓடும். 2021 ஜூலையில் நியூ வேர்ல்ட் கேமின் சோதனைப் பதிப்பில் சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்துப்போனபோது பேச்சு முழுவதும் இதைச் சுற்றித்தான் நடந்தது. வெறும் மெனுத் திரைக்கே வரம்பில்லாமல் ஃபிரேம் வரைந்துகொண்டிருந்தது அந்த கேம். கார்டுகளின் பற்றவைப்பில்தான் குறை என்று பிறகு தெரியவந்தது உண்மை. இருந்தாலும் கேம்காரர்கள் மெனுவுக்கு வரம்பு போட்டார்கள். நாமும் போட்டுக்கொள்வதில் ஒரு குறைவும் இல்லை.

இரண்டாவது மறுப்பு, "90 டிகிரி வரை போகலாம் என்று கம்பெனியே சொல்லும்போது நாம் ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும்" என்பது. சிப்பைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கிறது. 80 டிகிரியைப் பார்த்துப் பதறுகிறவர்களிடம் நானும் அதையே சொல்வேன். 70-க்கும் 78-க்கும் இடையே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் அனுமதித்த எல்லை வேறு, நன்றாக ஓடும் இடம் வேறு. என்விடியா கார்டுகள் எல்லையைத் தொட்ட பிறகு திடீரென்று வேகம் குறைப்பதில்லை. அதற்கு வெகு முன்பிருந்தே சூடு ஏற ஏற 15 மெகாஹெர்ட்ஸ், 15 மெகாஹெர்ட்ஸாகப் படி இறங்கிக்கொண்டே வரும். சிலிக்கான் சூடானால் மின்கசிவும் கூடும். ஒரே வேலைக்கு சூடான சிப் அதிக வாட் இழுக்கும், அந்த வாட் மறுபடி சூடாகும். சிப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பதை மறந்துவிடுவது இன்னொரு தவறு. 3080, 3090 கார்டுகளில் சிப் 70 டிகிரியில் சாதுவாக இருக்கும்போது ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 100-ஐத் தாண்டி 110-ஐத் தொட்டு நிற்பது பழகிய காட்சி. கார்டின் ஆயுளைத் தின்பது உயர்ந்த சூடு மட்டுமில்லை, சூடாகி ஆறி, சூடாகி ஆறி வரும் சுழற்சியும் கூட. சிப்பும் அது உட்கார்ந்திருக்கும் பலகையும் ஒரே அளவில் விரிவதில்லை. நடுவில் இருக்கும் ஈயப் பற்றுதான் இழுபடும். 2008-ல் என்விடியா தன் பழைய சிப்புகளின் பற்றவைப்புப் பொருள் பலவீனத்துக்காக 19.6 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுத நேர்ந்தது. அன்றைய பொருள் வேறு, இன்றைய பொருள் வேறு. ஆனால் 30 டிகிரியிலிருந்து 75-க்கு ஏறி இறங்கும் கார்டு, 90-க்கு ஏறி இறங்கும் கார்டைவிடக் குறைவாக இழுபடும் என்பது அப்படியேதான் இருக்கிறது.

வாட்டைக் குறைத்தாகிவிட்டது. மிச்சச் சூட்டுக்கு வழி விட வேண்டும். நம் வீடுகளில் இந்த வழியை அடைப்பது பெரும்பாலும் கேபினட் இல்லை, கம்ப்யூட்டர் டேபிள். மானிட்டருக்கு ஒரு தட்டு, கீபோர்டுக்கு இழுக்கும் பலகை, கீழே சிபியூவுக்கு மூன்று பக்கமும் மர அடைப்பு, சிலதில் முன்னால் கதவும் உண்டு. 60 வாட் இழுத்த பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஆசாரி அளவெடுத்துச் செய்தது அது. இன்று அதற்குள் 450 வாட் பெட்டியைச் செருகினால், பின்னால் தள்ளும் சூட்டுக் காற்று சுவரில் முட்டி, மரப் பெட்டிக்குள் சுற்றி, முன்வாய் வழியாகத் திரும்ப உள்ளே போகிறது. ஒரு கணக்கு: 450 வாட்டைச் சுமந்து செல்லும் காற்று 10 டிகிரி மட்டுமே ஏற வேண்டுமானால் நொடிக்கு ஏறத்தாழ 37 லிட்டர் காற்று வேண்டும். இரண்டு குடம் தண்ணீர் அளவுக்கு மேல் காற்று, ஒவ்வொரு நொடியும், புதிதாக. முன்பக்கம் கண்ணாடி போட்டு மூடி, ஓரத்தில் விரல்கடை இடுக்கு விட்ட அழகுக் கேபினட்டால் இதைக் கொடுக்க முடியாது. வலை முன்பக்கம் வைத்த சாதாரணக் கேபினட் கொடுக்கும். கடையில் கேபினட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி: முன்பக்கத்தில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று உள்ளே போகாவிட்டால் ஃபேனாலும் இழுக்க முடியாது.

பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு ஓட்டுவது நம்மூர் வைத்தியம். அடைத்த கேபினட்டில் அது 5 டிகிரிக்கு மேலும் குறைத்துக் காட்டும், மறுக்கவில்லை. கழற்றியதும் சூடு சட்டென்று விழுந்தால் நோய் காற்று வழியில் இருக்கிறது என்று புரிந்துகொள்ள அது நல்ல சோதனை. ஆனால் அதையே நிரந்தரமாக்கினால் தூசி, பூனை முடி, கதகதப்பான இடம் தேடி வரும் பல்லி எல்லாம் குடிவரும். மதர்போர்டுக்குக் குறுக்கே செத்துக் கிடக்கும் பல்லியால் போன போர்டுகள் சர்வீஸ்காரர்களுக்குப் புதிதில்லை. தூசியிலும் நம் வீட்டுத் தூசி தனி ரகம். கொசுவத்தி, ஊதுபத்தி, தாளிக்கும் எண்ணெய்ப் புகை மூன்றும் தகடுகளில் பிசுக்காகப் படிந்து, அதன்மேல் பஞ்சு ஒட்டிக் கம்பளம்போல் ஆகிவிடும். ப்ளோயர் வைத்து ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விர்ரென்று சுற்றவிட்டால் பேரிங் போகும்.

ஏசி போட்டால் எல்லாம் தீருமே என்பார்கள். தீரும்தான், ஆனால் யார் யாரைக் குளிர்விக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு டன் ஏசி எடுக்கக்கூடிய சூடு சுமார் 3.5 கிலோவாட், 500 வாட் கேமிங் பெட்டி அதில் ஏழில் ஒரு பங்கை ஒற்றையாகத் தின்றுவிடும். 500 வாட் தினமும் 4 மணி நேரம் என்றால் இரண்டு மாத ரீடிங்கில் 120 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை கேம் மட்டுமே முழுங்கி, மேலே 20 கேட்கிறது. அதன் சூட்டை வெளியேற்ற ஏசி எரிக்கும் கரண்ட் தனிக் கணக்கு. கார்டில் 75 வாட் குறைத்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட் மிச்சம். 600 விஏ யூபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. அந்த யூபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான், கரண்ட் போகும் நேரத்தில் பெட்டி 500 கேட்டால் கீச்சென்று கத்திவிட்டு அதுவும் படுத்துவிடும். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைப்பது மட்டும் வேண்டாம். கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் அது பெரிதாகக் குளிர்விக்காது, ஈரத்தைத்தான் கூட்டும்.

இத்தனைக்கும் பிறகு சூடு அடங்கவில்லை என்றால்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும். எடுக்கலாமா என்று சொல்ல ஒரு எண் இருக்கிறது. ஜிபியு-இசட் போன்ற மென்பொருளில் சிப்பின் சராசரிச் சூட்டையும் ஹாட்ஸ்பாட், அதாவது சிப்பில் மிகச் சூடான புள்ளியின் சூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். இடைவெளி 10, 15 டிகிரி என்றால் பேஸ்ட் நன்றாக இருக்கிறது, திறந்து கெடுக்காதீர்கள். 25, 30 என்றால் பேஸ்ட் காய்ந்தோ பிதுங்கியோ போயிருக்கிறது, அல்லது ஹீட் சிங்க் சரியாக உட்காரவில்லை. அரிதாக, கூலரே பழுதாகவும் இருக்கலாம். 2022 டிசம்பரில் வந்த ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகள் சிலவற்றில் ஹீட் பைப்பின் தட்டையான வடிவமான ஆவி அறைக்குள் இருக்க வேண்டிய தண்ணீரே போதாமல் ஹாட்ஸ்பாட் 110 டிகிரியைத் தொட்டது. அடுத்த மாதம் ஏஎம்டி அதை ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. அதற்கு எந்த பேஸ்ட்டும் மருந்தாகாது. வாரண்டி இருக்கிற கார்டைத் திறக்கும் முன் ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் அது கிழிந்தால் வாதாடிப் பயனிருக்காது.

திறப்பதென்று முடிவானால் கார்டைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றி, நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறக்க வேண்டும். காய்ந்த பேஸ்ட் இளகியிருக்கும். சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்ப்ரிங் ஸ்க்ரூக்களைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஹீட் சிங்கை நேராகப் பிய்க்காமல் லேசாகத் திருகி எடுக்க வேண்டும். உடனே தூக்கிவிடக் கூடாது, உள்ளே ஃபேன் வயர் பின்னிக்கொண்டிருக்கும். பெரும்பாலோர் சறுக்கும் இடம் பேஸ்ட் இல்லை, மெமரி மேல் இருக்கும் தெர்மல் பேடு. 1.5 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் கடையில் கிடைத்த 2 மில்லிமீட்டரை ஒட்டிவிட்டால் ஹீட் சிங்க் அந்த அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும்; சிப்பின் மேல் முழுதாக அழுந்தாது. மெமரி குளிர்ந்து சிப் கொதிக்கும். பழைய பேடைப் பிய்க்கும் முன் தடிமனை அளந்து, எந்த இடத்தில் எது என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது அரை நாள் தலைவலியை மிச்சப்படுத்தும். நேரடியாகச் சிப் மேல் வைக்கும்போது சாதாரண பேஸ்ட் சூட்டுச் சுழற்சியில் ஓரத்துக்குப் பிதுங்கிவிடுவதால், 45 டிகிரியில் இளகும் ஹனிவெல் பிடிஎம்7950 தாளை வைப்பதே இப்போது என் பழக்கம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றபின் சந்தைக்கு வந்த செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கியவர்கள் பேடையும் பேஸ்ட்டையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடலாம். இரவும் பகலும் மெமரியைப் பிழிந்து ஓடியவை அவை.

தண்ணீர்க் கூலரைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அதன் ரேடியேட்டரும் கடைசியில் அதே 36 டிகிரிக் காற்றில்தான் சூட்டைக் கொட்டுகிறது. பம்ப், குழாய் என்று கெட்டுப்போக இரண்டு பொருள் கூடுதலாகச் சேர்கிறது. ஃபேன் மட்டும் பதில் ஆகாது என்பதை 2003-லேயே ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா காட்டிவிட்டது. அதன் இரைச்சல் தாங்காமல் ஊரே சிரிக்க, என்விடியாக்காரர்களே அதை ஹேர் டிரையராகவும் இலை ஊதும் கருவியாகவும் காட்டித் தங்களைக் கேலி செய்து படம் எடுத்தார்கள்.

மே 4-ல் கத்திரி தொடங்கும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேபிள் அறைக்குள்ளிருந்து கேபினட்டை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, தூசி தட்டி, வோல்ட்டேஜைக் குறைத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் 85-க்கு மேல் காட்டினால் ஃபேன் வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.